தலையணை இல்லாத தொட்டில்

அரில்யே என்ற ஊரில் ராடிஷாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சரி" என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்பதனக் கிடங்கில் ராஸ்பெர்ரிப் பெட்டிகளை அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். நாற்பதை எட்டப் போகிற, கதவு நிலையில் தலை இடிக்கிற ஆள். யார் எதைக் கேட்டாலும் அவன் வாயில் வருவது அந்த ஒரே சொல். அதனால் அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வெளியூர் போகும்போது இரண்டு நாள் பார்த்துக்கொள் என்று விட்டுப் போன நாய், அவன் வீட்டிலேயே கிழடு தட்டிச் செத்தது. வாலிபால் பந்தை அவன் கையால் தொட்டதில்லை. ஊர் வாலிபால் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். ஓடாத டிராக்டர் ஒன்றில் அவனுக்குப் பாதிப் பங்கு உண்டு. எதற்கையா இதை வாங்கினாய் என்று கேட்டால், "கேட்டாங்க" என்பான்.

கல்யாணமும் அப்படித்தான். பின்னலாடைப் பட்டறையில் தைக்கிற ஸ்மில்யா, இவன் கேட்பான் கேட்பான் என்று இரண்டு வருஷம் காத்துக்கிடந்துவிட்டு, கடைசியில் தானே வாயைத் திறந்து கேட்டாள். இவன் "சரி" என்றான். அந்த ஒரு சரிக்காக மற்ற எல்லாச் சரியையும் மன்னித்துவிடலாம்.

வீட்டில் மூன்றாவது ஆள் அவன் அப்பா ஓப்ராட். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிவிட்டது. மனைவி இருந்த காலத்திலேயே அவர் படுக்கை சமையலறையில்தான். விறகடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்க மட்டுமே இடமுள்ள குறுகலான பெஞ்சு. ஏன் இப்படி என்று கேட்டால், நான் குறட்டை விடுவேன், மற்றவர்கள் தூங்க வேண்டாமா என்பார். ஊரில் அதை வைத்துக் கேலி பேசாதவர்கள் இல்லை. ராடிஷா பிறந்ததிலிருந்து அந்த வீட்டில்தான் இருக்கிறான். ஒரு நாளும் அந்தக் குறட்டை அவன் காதில் விழுந்ததில்லை. அடுப்புச் சத்தத்தில் அமுங்கிப் போகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டான்.

பிறக்கப் போகிற குழந்தைக்கு முன்கூட்டியே ஒரு துணி கூட வாங்கக் கூடாது, வாங்கினால் ஆகாது என்பது அங்கே வழக்கம். படித்தவர்கள், படிக்காதவர்கள் எல்லோரும் இதை நம்பாத மாதிரி சிரித்துக்கொண்டே கடைப்பிடிப்பார்கள். பிள்ளை பிறந்து, தாய் ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்தச் சில நாட்களுக்குள் தகப்பன் ஓடியாடி எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அதிலும் பிள்ளை பிறந்த சேதி வந்த அன்றைக்குத் தகப்பன் ஒன்றுக்கும் உதவமாட்டான். அவன் சட்டையை நண்பர்கள் கிழித்துப் போடுவார்கள், ஊற்றிக் கொடுப்பார்கள். இதுவும் வழக்கம்தான்.

அக்டோபரில் ஒரு காலை, உஷித்சே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்ததாம். பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ராடிஷா ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்குவதற்குள் அவன் சட்டையின் இரண்டு கையும் போய்விட்டன. மதியத்துக்குள் காலர் மட்டும்தான் கழுத்தில் மிஞ்சியது. அந்தக் கூத்துக்கு நடுவே வந்து சேர்ந்தான் மிலோய்கோ.

மிலோய்கோ அவனுடைய கூம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றவன், பிள்ளைக்கு ஞானத்தந்தையாகப் போகிறவன். கூடப் பிறந்த அண்ணனோடு சண்டை போட்டாலும் போடலாம், கூமின் மனம் கோணக் கூடாது. தொழிலுக்குத் தச்சன். கைராசிக்காரன், வாய்க்காரன், எதையும் பெரிதாகச் செய்கிறவன். ராடிஷாவின் கல்யாணத்துக்கு ஓக் மரத்தில் அவன் செய்து கொடுத்த கட்டில் அத்தனை உயரம். ஏறிப் படுக்க ஏணி தருவாயா என்று ஸ்மில்யா அப்போதே கேட்டாள். இப்போது அவன் எல்லோர் முன்னாலும் ராடிஷாவின் தோளில் கையைப் போட்டு, என் இரண்டு பையன்களுக்கும் நானே இழைத்த வால்நட் தொட்டில் இருக்கிறது, கட்டிலோடு கொக்கி போட்டு மாட்டுகிற மாதிரி, அது இனி உன் மகளுக்கு என்று அறிவித்தான். கைதட்டல் ஓய்வதற்குள் ராடிஷா சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். வேறென்ன, சரிதான்.

மறுநாள் காலை ஸ்மில்யா போன் செய்தாள். குரல் மெலிந்து கிடந்தது. புத்தி மட்டும் வழக்கம்போலக் கத்தியாக இருந்தது. தையல் போட்ட வயிற்றோடு குனிந்து எழ முடியாதாம். படுத்தபடியே கை நீட்டினால் குழந்தை எட்ட வேண்டும், அதே சமயம் குழந்தைக்குத் தனி இடம் இருக்க வேண்டும். மெத்தை கெட்டியாக இருக்கட்டும், உள்ளே தலையணை, ஓரத்தில் பஞ்சு மெத்து, திரைச்சீலை எதுவும் கூடாது, கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் சந்தே இருக்கக் கூடாது என்று வார்டில் சொல்லியிருக்கிறார்கள்.

"ராடிஷா, எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு. நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் சரின்னு சொல்லிடாத."

ராடிஷா வாயைத் திறந்தான், மூடினான். பிறகு, "ம்" என்றான். மாட்டிக்கொண்டோம் என்று அப்போதே தெரிந்துவிட்டது அவனுக்கு.

மதியம் மிலோய்கோ தொட்டிலைக் கொண்டுவந்து மாட்டியே விட்டான். சும்மா சொல்லக் கூடாது, பார்க்கக் கண் கோடி வேண்டும். பக்கங்களில் இலையும் கொடியுமாகச் செதுக்கியிருந்தான். அவன் மனைவி ரூஷா தன் பங்குக்கு உள்ளே சுற்றிலும் பஞ்சு மெத்து வைத்து, பூப்போட்ட தலையணை போட்டு, மேலே வலைத்திரை தொங்கவிட்டு, கண் படாமலிருக்கச் சிவப்பு நாடாவும் கட்டியிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்து அதிசயித்தார்கள். கொஞ்சம் பஞ்சும் துணியும்தானே, எடுத்துப் போட்டுவிட்டால் ஸ்மில்யா சொன்ன மாதிரி ஆகிவிடாதா என்று ராடிஷா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். கோழைக்குச் சமாதானம் சொல்லித் தரவா வேண்டும்?

எல்லோரையும் வாசல் வரை அனுப்பிவிட்டுத் திரும்பியவன், படுக்கையறையில் அப்பாவைப் பார்த்தான். அந்த அறைக்குள் அவர் வந்தே அவன் கண்டதில்லை. முழங்காலிட்டு உட்கார்ந்து, கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவே கையை மடக்கிக் குத்தி இறக்கிக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரை போயிற்று. அவர் தோளால் தொட்டிலை லேசாகத் தள்ளினார். கொக்கி இளகிக்கொடுத்தது, முழங்கை வரை கை உள்ளே போய்விட்டது.

"என்னப்பா பண்றீங்க?"

ஓப்ராட் கையை எடுக்கவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை.

"நெவெனாவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமாடா?"

நெவெனா அவனுக்கு முன்னால் பிறந்த அக்கா. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. காய்ச்சலில் போனாள் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அதையே சொன்னான்.

"காய்ச்சல் இல்ல. நானும் உங்கம்மாவும் நடுவுல போட்டுட்டுப் படுத்தோம். பெரிய தலையணை, இறகு மெத்தை. நான் குடிச்சிருக்கல, அதையும் சொல்லிடறேன். நாளெல்லாம் உழுதுட்டு வந்த களைப்பு. விடிஞ்சப்போ அவ தலையணைக்கும் எனக்கும் இடையில முகம் புதைஞ்சு கிடந்தா. நான் அழுத்தினேனா, அவளா புரண்டாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உங்கம்மா ஒரு நாளும் கேட்கல. அதோட நான் கட்டில்ல படுக்கறத விட்டுட்டேன்."

ராடிஷா அப்படியே தரையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷம் இந்த மனிதரைக் குறட்டைக்காரர் என்று ஊரோடு சேர்ந்து தானும் சிரித்தோமே என்று வெட்கமாக இருந்தது. ஓப்ராட் கையை உருவி, தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், உன் கூமிடம் இதை எல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே என்றார். ராடிஷா தலையாட்டினான்.

அன்றே சாயங்காலம் மிலோய்கோவின் பட்டறைக்குப் போனான். வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனான். போய்ச் சேர்ந்ததும் மிலோய்கோ காபி போட்டான், இவன் குடித்தான். ஒரு கை கொடு என்றான். இவன் இரண்டு கதவைத் தூக்கி வைத்தான். அந்தப் பலகையைப் பிடி என்றான், பிடித்தான். வந்த காரியம் மட்டும் வெளியே வரவில்லை. கடைசியில் ரம்பத்தை நிறுத்திய இடைவெளியில், பலகையின் மறுமுனையைப் பிடித்தபடியே சொல்லிவிட்டான்.

"கூமே, தொட்டில் வேண்டாம்."

மிலோய்கோ சிரித்தான். "சரி" ராடிஷா "வேண்டாம்" என்று சொன்னால் அது வேடிக்கை இல்லாமல் வேறென்ன? பிறகு முகத்தைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. என்ன குறை கண்டாய் என்று கேட்டான். ராடிஷா சொன்னான்: கொக்கி இளகுகிறது, சந்து விழுகிறது, உள்ளே இருக்கிற மெத்தெல்லாம் மூச்சுக்கு ஆகாது. மிலோய்கோவின் கழுத்து சிவந்தது.

"என் பசங்க ரெண்டு பேரும் அதுலதான்டா வளர்ந்தானுங்க. செத்தா போயிட்டானுங்க? எருமை மாதிரி திரியறானுங்க, போய்ப் பாரு."

அப்பா சொன்னதை ஒரு வரி சொன்னால் போதும், மிலோய்கோ வாயை மூடிவிடுவான். அது ராடிஷாவுக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"உன் பசங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது, கூமே. என் பொண்ணை அதிர்ஷ்டத்தை நம்பி என்னால படுக்க வைக்க முடியாது."

மிலோய்கோ பலகையை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ரம்பத்தை மறுபடி ஓடவிட்டான். ராடிஷா வெளியே வந்து தெருவில் நின்றான். கூமைப் பகைத்துக்கொண்டாயிற்று; ஞானஸ்நானத்துக்கு யார் வருவார்களோ? மனம் கனத்தாலும் முதுகு என்னவோ லேசாக இருந்தது. வேண்டாம் என்ற சொல்லைச் சொன்னதால் வானம் இடிந்து விழவில்லை என்று அந்த வயதில் கண்டுபிடித்தான், ஐயோ பாவம்.

அடுத்த நாள் சாச்சாக் நகரத்துக்குப் போனான். குழந்தைச் சாமான் கடையில் ஒரு பெண் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, தலையணை, ஓரமெத்து, போர்வை எல்லாம் சேர்ந்த செட் ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தாள். வேண்டாம் என்றான். ஆட்டிவிடுகிற தொட்டில், பொம்மை சுழல்கிற தொட்டில். வேண்டாம். சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிவிட்டது, கொஞ்சம் ருசிக்கவும் செய்தது. கடைசியில் மூலையில் சாம்பல் நிறத்தில், பார்வைக்கு ஒன்றுமே இல்லாத ஒன்று கிடந்தது. பக்கங்களெல்லாம் வலை, மூச்சு போய் வரும், உள்ளே இருப்பதும் தெரியும். ஒரு பக்க வலையை ஜிப்பால் இறக்கிவிட்டால் தாய் படுத்தபடியே கை நீட்டலாம், ஏற்றிவிட்டால் நாலு பக்கமும் மூடிய தொட்டில். கால்களைப் படிப்படியாக உயர்த்தலாம். பெரிய கட்டிலின் மெத்தைக்கு அடியில் பட்டை கொண்டுபோய் இறுக்கிக் கட்டலாம். மெத்தையை உள்ளங்கையால் அழுத்தினான். பள்ளம் விழவில்லை. பிறகு கடைப்பெண் வாய் பிளந்து நிற்க, முழுத்தொட்டிலையும் இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். அசையவில்லை. இதுதான் என்றான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டி, வால்நட் தொட்டிலைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலோடு சேர்த்து நிறுத்தியபோதுதான் குறை தெரிந்தது. மேல்படி வரை உயர்த்தியும் தொட்டில் கட்டிலுக்கு நாலு விரல் கீழே நின்றது. எல்லாக் கடைத் தொட்டிலும் சாதாரண மனிதர்கள் படுக்கிற கட்டிலுக்குச் செய்தவை. மிலோய்கோ செய்த கட்டில் அரசனுக்குச் செய்தது. பட்டை சாய்வாக இழுத்தது. மேலே மெத்தை பிதுங்கி, கீழே இடைவெளி வாய் பிளந்தது. மறுநாள் ஸ்மில்யா வருகிறாள். ஓப்ராட் வாசற்படியில் நின்று பார்த்தார். உள்ளே வரவில்லை.

தொட்டில் இதற்குமேல் உயராது. அப்படியானால் கட்டில்தான் இறங்க வேண்டும். ராடிஷா கொல்லைக்குப் போய்க் கைரம்பத்தை எடுத்து வந்தான். கூம் கொடுத்த தொட்டிலை வேண்டாம் என்றாயிற்று, இப்போது கூம் கொடுத்த கட்டிலின் காலை வெட்டப் போகிறோம், இதற்குமேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு, தலைமாட்டுக் காலில் ரம்பத்தை வைத்து இழுத்தான்.

இரண்டு இழுப்பு கூட ஆகவில்லை. "அடப்பாவி" என்றது ஒரு குரல். தொட்டிலைத் திரும்ப எடுத்துப்போக வந்த மிலோய்கோ கதவருகில் நின்றுகொண்டிருந்தான்.

ராடிஷா ரம்பத்தை எடுக்கவில்லை. எடுத்தால் மறுபடி வைக்கத் தைரியம் வராது என்று அவனுக்குத் தெரியும். நாலு விரல் குறையுது என்று மட்டும் சொன்னான். மிலோய்கோ மெதுவாக உள்ளே வந்தான். வலைத்தொட்டிலைப் பார்த்தான், இடைவெளியைப் பார்த்தான், தன் ஓக் மரக் காலில் விழுந்திருந்த கோணல் கீறலைப் பார்த்தான். அந்தக் கீறல்தான் அவனுக்கு எல்லாவற்றையும் விட வலித்திருக்க வேண்டும்.

"நகருடா கழுதை. கையால அறுத்தா நாலு காலும் நாலு தினுசாப் போகும்."

வண்டியிலிருந்து மெஷின் ரம்பமும் மட்டப்பலகையும் வந்தன. காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒவ்வொரு காலிலும் கோடு போட்டான். குனிந்து கோடு போட்டுக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் பேசினான்.

"நேத்து உன்னைத் திட்டலாம்னுதான் ரூஷாகிட்ட வாயைத் திறந்தேன். அவ அழ ஆரம்பிச்சுட்டா. பெரியவன் பொறந்த குளிர்காலம் பூரா அந்தச் சந்துல கையை விட்டுக்கிட்டே முழிச்சுக் கிடந்தாளாம். நான் ஆசையாப் பண்ணினதாச்சேன்னு சொல்லலையாம். நான் பக்கத்துலயே மரக்கட்டை மாதிரி தூங்கிட்டு இருந்திருக்கேன்டா."

ராடிஷா கட்டிலின் ஒரு மூலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். நாலு துண்டுகள் தரையில் விழுந்தன. கட்டிலை இறக்கி வைத்ததும் இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்தில் வந்து நின்றன. மிலோய்கோ மல்லாந்து படுத்துக் கட்டிலுக்கடியில் ஊர்ந்து போய்ப் பட்டையைத் தானே இழுத்து இறுக்கினான். அவன் வெளியே வந்தபோது ஓப்ராட் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். குனிந்து, இரண்டு மெத்தையும் சேருகிற இடத்தில் விரல் நுனியை வைத்துத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை இழுத்துக்கொண்டு போனார். விரல் எங்கேயும் இறங்கவில்லை. தொட்டிலைத் தோளால் தள்ளிப் பார்த்தார். பிறகு மிலோய்கோவின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பிராந்தி ஊற்றப் போனார்.

மறுநாள் குழந்தை வந்தது. ஸ்மில்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, அது இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்து, ஏணி வேண்டியதில்லை இனி என்றாள். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். விரிப்பைத் தவிர ஒன்றுமில்லை. இதை நீயா வாங்கினாய் என்று இரண்டு முறை கேட்டாள். ராடிஷா காது வரை சிவந்துபோய் நின்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பார்க்க வந்தவர்களுக்குத்தான் திண்டாட்டம். குழந்தையின் தலையணைக்கடியில் காசு வைத்துவிட்டுப் போவது வழக்கம். இங்கேயோ தலையணையே இல்லை. மிலோய்கோ ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்துவிட்டு, தங்கக் காசோடு தொட்டிலைச் சுற்றி வந்தான். "உள்ள எதுவும் போகக் கூடாது கூமே" என்று ராடிஷா சொன்னான், சிரித்துக்கொண்டேதான், ஆனால் குறுக்கே நின்றுகொண்டு. கடைசியில் எல்லாம் ஸ்மில்யாவின் தலையணைக்கடியில் போயிற்று. வால்நட் தொட்டிலில் இப்போது ரூஷா வெங்காயம் காய வைக்கிறாள். அத்தனை அழகான வெங்காயக் கூடை அந்த ஜில்லாவிலேயே கிடையாது.

ஒரு வாரம் போல ஆகியிருக்கும். ராடிஷா வேலை முடிந்து மதியம் வீடு திரும்பினான். வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே உள்ளே ஏதோ சத்தம். யாரோ பலகையை இழுத்து அறுக்கிற மாதிரி விட்டு விட்டு வந்தது. மிலோய்கோ மறுபடியும் எதையாவது வெட்ட வந்துவிட்டானா என்று பயந்துபோய் நுழைந்தான். சமையலறையில் ஸ்மில்யா ஈரத் தலையோடு ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். பெஞ்சு காலியாக இருந்தது. உதட்டில் விரல் வைத்துப் படுக்கையறையைக் காட்டினாள். நான் குளித்துவிட்டு வரும் வரை கொஞ்சம் படுத்துக்கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள் மாமா என்று கேட்டாளாம். மாட்டேன் என்றாராம். அப்புறம் வலையை மேலே ஏற்றி ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, பட்டையை ஒரு தடவை சோதித்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாராம்.

ராடிஷா கதவைத் திறந்து பார்த்தான். வலைக்கு உள்ளே மகள் மல்லாந்து கிடந்தாள். சின்ன மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் ஓப்ராட், அகலமான கட்டிலில் கை காலைப் பரப்பிக்கொண்டு, வாய் திறந்து, ஜன்னல் கண்ணாடி அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.